முப்பத்தோரு அங்குலம்

ரெட்டியார்பாளையத்தில் தன் வீட்டுத் தெருவுக்குள் ஜீப்பை ஒடித்துத் திருப்பியபோதுதான் அலெக்சாண்டருக்கு அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது. சிமெண்டுத் தரையில் இரும்பு பீரோவை யாரோ தரதரவென்று இழுப்பது போல இருந்தது. படுத்திருந்த தெருநாய்கள் எழுந்து நின்றன. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சூசைமேரி, ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே கைப்பிடிச் சுவருக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

புது டயர் மாட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முத்தியால்பேட்டையில் மெக்கானிக் முருகையன் பட்டறையிலிருந்து இதுவரை எங்கேயும் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கத் தேவைப்படவில்லை. அலெக்சாண்டர் இறங்கிக் குனிந்து பார்த்தார். முன்பக்கத்து வலது டயர் மட்கார்டின் உள்விளிம்பைத் தேய்த்து, அந்த இடம் மட்டும் வெள்ளித் தட்டு போலப் பளபளத்தது.

"இன்னாண்ணே, சக்கரம் ரொம்பப் பெருசா இருக்குது?" என்று மேலிருந்து கேட்டார் சூசைமேரி.

"முப்பத்தோரு இஞ்ச்சு" என்றார் அலெக்சாண்டர். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. சூசைமேரி அதை யாரோ ஒருவரின் இடுப்பளவைக் கேட்டுக்கொள்வது போலக் கேட்டுக்கொண்டு, சட்டையைக் கொடியில் போடப் போய்விட்டார்.

அந்த ஜீப் அவர் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. மனைவியின் தம்பி லூர்துபிரகாஷ் குடும்பத்தோடு கனடாவுக்குப் போகும்போது, விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள், ஓட்டுவதானால் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பேரையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு வருஷம் போர்ட்டிகோவில் உறை போட்டுக் கிடந்தது. யாராவது விருந்தாளி தூங்குகிறாரோ என்று நினைக்கும்படி அது அங்கே கிடப்பதில் அலெக்சாண்டருக்கு ஒரு திருப்தி இருந்தது.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. கோரிமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். "மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க. விடுங்க." ஒரு நாளைக்கு நூறு பேரிடம் இதைச் சொல்வார். சில நாட்களில், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகும் வரை அவர் வாயிலிருந்து வந்த பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். சொன்னபடி மூச்சை விட்டதும் அவரவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மனைவி பிலோமினா, மகள் ஜோவிதாவின் பிரசவத்துக்கென்று பிரான்சுக்குப் போனவர். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது. அது நடந்து முடிப்பதற்குள் இன்னொன்று பிறந்தது. இப்போது மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவார். பெரிய பேரன் போனைப் பிடுங்கிக்கொள்வான். அவன் கையில் போன் இருக்கும் வரைக்கும் அலெக்சாண்டருக்குத் தெரிவது பாரீஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டின் கூரை மட்டும்தான். அந்தக் கூரையில் எந்த மூலையில் விரிசல் இருக்கிறது என்பதுகூட அவருக்கு அத்துப்படி.

இரண்டு வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, சும்மா கிடக்கிறதே என்று ஜீப்பை முருகையனிடம் கொண்டுபோனார். டயரில் ரப்பர் வெடித்துவிட்டது, அதே அளவில் புதுசு போட்டுவிடலாம் என்றார் முருகையன். என்ன விலை ஆகும் என்று அன்று சாயங்காலம் போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த இணைப்பு கண்ணில் பட்டது. 'மேடு பள்ளம்'. புதுச்சேரி ஜீப் ஆர்வலர்களின் வாட்ஸப் குழு. நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். அழுத்தினார். குழுவை நடத்தும் எழிலரசன் அடுத்த நிமிஷமே சேர்த்துக்கொண்டார்.

வணக்கம், என் ஜீப்புக்கு டயர் மாற்ற வேண்டும், என்ன அளவு போடலாம் என்று அலெக்சாண்டர் எழுதினார். பத்து நிமிஷத்தில் இருபத்தாறு பதில்கள் வந்தன. முதலில் வண்டியின் படத்தைப் போடச் சொன்னார்கள். போட்டார். பூவும் நெருப்பும் கைதட்டலுமாகக் கொட்டியது. எந்த வருஷத்து வண்டி, டீசலா, மலையேற்றிப் பார்த்ததுண்டா, சேற்றில் இறக்கியதுண்டா என்று கேள்வி மேல் கேள்வி. பதில் சொல்லி மாளவில்லை. அடுப்பில் வைத்த கஞ்சி தீய்ந்து வீடெல்லாம் புகை. ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு கையால் விசிறிக்கொண்டே மறுகையால் பதில் எழுதினார். வெகுநாளைக்குப் பிறகு வீட்டுக்கு ஆள் வந்திருப்பது போல இருந்தது.

எழிலரசன் ஓட்டெடுப்பு நடத்தினார். பழைய அளவுக்கு நான்கு ஓட்டு. முப்பத்தோரு அங்குலத்துக்கு முப்பத்தெட்டு.

முருகையனுக்கு இஷ்டமில்லை. "கம்பெனிக்காரன் தெரியாமயா சார் சின்னதா போட்டு அனுப்புறான்?" என்று மட்டும் கேட்டார். முப்பத்தெட்டுப் பேர் சொல்கிறார்கள் என்றார் அலெக்சாண்டர். முருகையன் ஒரே ஆள். ஜாக்கியை எடுத்து வந்தார்.

அப்படிப் போட்ட டயர்தான் இப்போது உரசிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் போனதும் சத்தத்தைப் பதிவு செய்து குழுவில் போட்டார். கார்குழலி என்ற அம்மா உடனே பதில் எழுதினார். ஷாக் அப்சார்பர் விஷயத்தில் குழுவில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. வண்டியை மூன்று அங்குலம் தூக்கிவிட்டால் டயர் எங்கேயும் தட்டாது, நீளமான ஷாக் அப்சார்பர் போட்டு, ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் கட்டை கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். எழுதிய தோரணையில் நூறு ஜீப்பைத் தூக்கிய அனுபவம் தெரிந்தது. அடுத்த வாரம் முருகையன் பெருமூச்சு விட்டபடி வண்டியைத் தூக்கினார்.

சத்தம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது அலெக்சாண்டரால் வண்டியில் ஏற முடியவில்லை. முதல் நாள் எம்பி ஏறியதில் பேண்ட்டின் தையல் முழுநீளத்துக்கும் விட்டுப்போய், அன்று முழுக்க எக்ஸ்ரே அறையில் சுவரோடு முதுகை ஒட்டியே நடமாடினார். மறுநாள் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார். ஸ்டூல் மேல் ஏறி, அங்கிருந்து வண்டிக்குள் ஏறினார். ஏறிய பிறகுதான் ஸ்டூல் ரோட்டிலேயே நிற்பது தெரிந்தது. இறங்கி எடுக்கலாமென்றால் மறுபடி ஏற ஸ்டூல் வேண்டும். கடைசியில் ஸ்டூலுக்கு ஒரு நைலான் கயிறு கட்டி, ஏறியதும் கிணற்றில் வாளி இழுப்பது போல மேலே இழுத்துக்கொள்ளப் பழகினார். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நோயாளிகள் தங்கள் வலியை மறந்து இதைப் பார்த்தார்கள்.

வண்டியைத் தூக்கிய அன்று சாயங்காலமே வழக்கம்போலப் போர்ட்டிகோவுக்குள் விட்டிருந்தார். மடேரென்று ஒரு சத்தம். முன்பு நான்கு விரல் இடைவெளியில் உள்ளே போன வண்டி, இப்போது உத்தரத்தில் மோதியதில், ஒரு முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து பானட்டில் விழுந்தது. அதற்குமேல் ஜீப்புக்கு வீட்டில் இடமில்லை. தெருவில், சூசைமேரி வீட்டு மதிலோரம் நிறுத்தினார். இரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய உறை போட்ட உருவம் இல்லாமல் போர்ட்டிகோ வெறிச்சென்று கிடந்தது.

தெரு குறுகல். வண்டியைத் திருப்பி எடுப்பதற்குள் டயர் உள்பக்கத்து ஸ்பிரிங் பட்டையில் இடித்தது. மேலே தூக்கினீர்கள் சரி, வெளியே தள்ளினீர்களா என்று குழுவில் கேட்டார்கள். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே வளையம் கொடுத்து டயரைச் சாண் அகலம் வெளியே தள்ளினார் முருகையன். வேலை முடிந்ததும் கையை மட்டும் துடைத்துக்கொண்டார்.

வெளியே தள்ளிய டயருக்கு மேலே மட்கார்டு கிடையாது. மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் கோயிலிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும்போது, அலெக்சாண்டர் ஊர்ந்துதான் வந்தார். ஊர்ந்து வந்தும் முப்பத்தோரு அங்குல டயர் பள்ளத்துத் தண்ணீரை அள்ளி, பக்கவாட்டில், சரியாக சூசைமேரியின் மேல் வீசியது. இளநீலப் பட்டுப்புடவை. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து போனார். மறுநாள் காலை அவர் வீட்டு மதிலோரம் வரிசையாக ஆறு சிமெண்டுத் தொட்டிகளில் குரோட்டன்ஸ் செடிகள் நின்றன.

அதன் பிறகு ஜீப்பை நிறுத்த இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனைதான் கிடைத்தது. ஜீப் வைத்திருக்கும் அலெக்சாண்டர் தினமும் காலையில் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிஷம் நடந்து போய் ஜீப்பில் ஏறினார். முன்பெல்லாம் மாடியிலிருந்தபடி, சாப்டாச்சாண்ணே என்று கேட்கிற சூசைமேரி இப்போது கேட்பதில்லை. நாளைக்கு ஒரு தரம் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி நின்றுபோனது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தண்ணீர் தெறிப்பதற்கும் குழுவிடம் வழி இருந்தது. டயருக்கு மேலே அகலமான ரப்பர் பட்டை அடிக்கச் சொன்னார்கள். அடித்தார். பட்டை இடித்து முன்கதவு இரண்டுமே பாதிக்கு மேல் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவர் பின்பக்கமாக ஸ்டூல் போட்டு ஏறி, சீட்டுகளுக்கு நடுவே தவழ்ந்து டிரைவர் இடத்துக்கு வர ஆரம்பித்தார்.

இதற்கிடையில் ஸ்டியரிங் கனத்துப்போயிருந்தது. பெரிய டயரைத் திருப்பித் திருப்பி வலது தோள் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. கூட வேலை செய்யும் ஜோசப் ஆனந்த் அவரையே நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒன்றுமில்லை, சதைதான் என்றார் டாக்டர். குழுவில் சொன்னபோது பதினேழு வைத்தியம் வந்தது. ஒருவர், தன் அம்மா காய்ச்சும் தைலத்தைக் கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டார். அவரும் அலெக்சாண்டரும் புதுச்சேரிக்குள்ளேயேதான் இருந்தார்கள். நேரில் சந்தித்துக்கொள்வது என்பது அந்தக் குழுவில் ஏனோ நடக்காமலே தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. நாள் குறிப்பார்கள். மழை என்பார்கள், பரீட்சை என்பார்கள், கல்யாணம் என்பார்கள்.

அந்த ஞாயிறு பிலோமினா கூப்பிட்டபோது, ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஜீப்பு ஓட்டி ஓட்டி தோளு புடிச்சிக்கிச்சி."

"எந்த ஜீப்பு?" என்றார் பிலோமினா.

அலெக்சாண்டர் சொல்லத் தொடங்கினார். தம்பி கொடுத்த ஜீப், டயர், வளையம், ரப்பர் பட்டை. பாதியில் பேரன் போனை வாங்கிக்கொண்டான். தூரத்தில் குக்கர் சத்தமும் குழந்தையின் அழுகையும் கேட்டன. மீதிக் கதையை அலெக்சாண்டர் அந்தக் கூரையிடம் சொல்லி முடித்தார்.

அதே வாரம் புதன்கிழமை, சிக்னலில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னார். ஓரங்கட்டிவிட்டு, அலெக்சாண்டர் சீட்டுகளுக்கு நடுவே தவழ்ந்து போய், பின்பக்கம் கயிற்றில் ஸ்டூலை இறக்கி, அதன் மேல் கால் வைத்து, வலது தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். போலீஸ்காரர் அவ்வளவு நேரமும் பொறுமையாக நின்று பார்த்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு கையிலிருந்த அபராதச் சீட்டு மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் என்னென்ன செக்‌ஷன்னு நான் புக்கு பாத்துதான் சார் சொல்லணும். பாத்தா நல்ல மனுஷனா தெரியிறீங்க. அடுத்த புதன்கெழமக்குள்ள பழையபடி மாத்தி எடுத்தாந்து காட்டிடுங்க."

அலெக்சாண்டர் தலையாட்டினார். முருகையன், என்றைக்காவது தேவைப்படும் என்று பழைய அளவிலேயே ஒரு செட் புது டயர் எடுத்து வைத்திருந்தாராம். திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னார். அவர் குரலில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெம்பு தெரிந்தது.

குழுவில் விஷயத்தை எழுதினார். திங்கட்கிழமை எல்லாவற்றையும் கழற்றிவிடப் போகிறேன், இனி என் வண்டியை வைத்துப் பேச ஒன்றுமிருக்காது, இத்தனை நாள் எனக்காக நேரம் ஒதுக்கினீர்கள், நன்றி. எழுதி முடித்தபோதுதான் பயம் வந்தது. டயர் போனால் கேள்வியும் போய்விடும். கேள்வி போனால் பதிலும் நின்றுவிடும். பழைய அளவு டயர் போட்ட ஜீப்பைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

அழும் முகங்கள் வரிசையாக வந்தன. பிறகு எழிலரசன் எழுதினார். கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, சேதராப்பட்டுக்கு அப்பால் இருக்கும் செம்மண் மேடு. இந்தத் தடவை மழை, பரீட்சை, கல்யாணம் எதுவும் கிடையாது. முப்பத்தொரு பேர் வருகிறேன் என்று கைதூக்கினார்கள்.

சனிக்கிழமை அலெக்சாண்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். முப்பது முட்டை வாங்கி அவித்தார். அந்த வீட்டில் அத்தனை முட்டைக்குப் பெரிய பாத்திரம் கிடையாது, மூன்று தடவையாக அவிக்க வேண்டியிருந்தது. அவிக்கும்போதெல்லாம் ஒரே கவலை. அங்கே எத்தனையோ ஜீப் நிற்கும். மலையேறியவை, ஆறு தாண்டியவை. அவற்றுக்கு நடுவே ஸ்டூல் கட்டிய தன் வண்டியை எந்த மூலையில் நிறுத்துவது? முன்பின் தெரியாத அத்தனை பேரிடம் முதல் வார்த்தையாக என்ன பேசுவது? கண்ணாடி முன் நின்று இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். இரண்டும் மூச்சை இழுங்க என்பது போலவே இருந்தது.

ஞாயிறு காலை அவர் போய்ச் சேர்ந்தபோது மேட்டின் அடிவாரத்தில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். எட்டு ஸ்கூட்டர்களும் ஒரு ஷேர் ஆட்டோவும் நின்றன. இரண்டு பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார்கள். 'மேடு பள்ளம் – முதல் சந்திப்பு' என்று துணியில் எழுதி இரண்டு கருவேல மரங்களுக்கு நடுவே கட்டியிருந்தார்கள். ஜீப்புகளை எல்லாம் மேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருப்பார்கள் என்று அலெக்சாண்டர் நினைத்துக்கொண்டார்.

பின்பக்கமாக ஸ்டூலை இறக்குவதற்குள் நான்கு கைகள் வந்து பிடித்துக்கொண்டன. தோள் எப்படி இருக்கிறது என்று ஏழு பேர் கேட்டார்கள். தைலம் காய்ச்சும் அம்மா தானே ஒரு பாட்டிலோடு வந்திருந்தார். தினமும் காலையில் குழுவில் 'பொன்ழூர்' என்று பிரெஞ்சு வணக்கம் எழுதும் மனிதர் கைத்தடி ஊன்றிய ஒரு மெலிந்த பெரியவர். நேரிலும் அதையே சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார். எழிலரசன் கணீரென்று எழுதுகிற அளவுக்குப் பேசுகிறவர் அல்ல. சிரித்துக்கொண்டே நின்றார். கார்குழலி ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவராம். வந்ததும் வராததுமாகப் புடவையைச் சொருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். ஷாக் அப்சார்பரை மேலிருந்து கீழே வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. தூசி விழுந்திருக்கும் என்று அலெக்சாண்டர் நினைத்தார்.

ஒவ்வொருவராக டயருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முட்டை பத்தே நிமிஷத்தில் தீர்ந்தது. அலெக்சாண்டர் அந்த ஒரு மணி நேரத்தில் பேசியது அவருடைய ஒரு வருஷத்துப் பேச்சுக்குச் சமம். போர்ட்டிகோ உத்தரத்தில் இடித்த கதையைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சொல்லி இத்தனை பேர் சிரித்தது அவருக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

பிறகு ஏறலாம் என்றார் எழிலரசன். பின்பக்கம் வரிசையில் நின்று, ஸ்டூலில் கால் வைத்து ஏழு பேர் ஏறிக்கொண்டார்கள். பெரியவரைத் தூக்கி ஏற்றினார்கள். கார்குழலி சீட்டுகளுக்கு நடுவே புகுந்து முன்னால் வந்து அலெக்சாண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மீதிப் பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அலெக்சாண்டர் சாவியைத் திருப்பினார். எதிரே செம்மண் மேடு செங்குத்தாக நின்றது. கியர் போடப் போனவர் கையை எடுத்துவிட்டார். இந்தக் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் அவர். இவர்களெல்லாம் சொல்லிக் கொடுத்துத்தான் இந்த வண்டி இந்த நிலைக்கு வந்தது. அவர்களை நிற்க வைத்துவிட்டுத் தான் முதலில் ஏறுவது மரியாதையாக அவருக்குப் படவில்லை.

"மத்தவங்க வண்டியெல்லாம் வந்துரட்டுமே. நீங்கல்லாம் முன்னாடி போங்க, நா பின்னாடியே வந்துர்றேன்" என்றார்.

பின்னால் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே நின்ற எழிலரசன் காற்றில் விலகியிருந்த துணியின் முனையை இழுத்துக் கட்டப் போனார். கார்குழலி மேட்டையே பார்த்தபடி, முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"குரூப்பு ஆரம்பிச்சி நாலு வருஷமாவுது சார். ஜீப்பு வச்சிருக்கிற ஆளு ஒருத்தரு வந்து சேந்தது இப்பதான்."